ரிவர்ட்டுக்கு என்ன அர்த்தம்

"தப்பு என்னோடதுதான்னு உங்கையாலயே எழுதிக் குடுத்துட்டு வேலைய உட்டு நின்னுக்க கண்ணு" என்று வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார் முதலாளி திருமூர்த்தி. சித்ரகலா பேனாவை எடுத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். சீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, மானிட்டர் ஓரத்தில் மெயில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்த காகிதம் உட்பட. யார் லீவு போட்டாலும் ஷிப்மென்ட் நிற்கக் கூடாது என்று முதலாளி செய்த ஏற்பாடு அது.

வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் அவளுக்குப் பயம் வரவில்லை. வீட்டில் சம்பளம் என்று இனி வருவது அவளுடையது ஒன்றுதான். அதை நினைத்தபோதுகூட நெஞ்சு பதறவில்லை, மரத்துக் கிடந்தது.

விஷயம் இதுதான். அவள் பெயரில் லண்டன் பையருக்குப் போன மெயிலில், டி-ஷர்ட் கலர் பற்றி 'ரிவர்ட்' பண்ணுங்கள் என்று இருந்தது. பழைய கலருக்கே திரும்பிப் போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட பையர், கடுப்பாகி ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் கிட்டுசாமி அவளுக்காக மல்லுக்கட்டினார். திருப்பூர் முழுக்க, ஏன், பேங்க்காரர்கள் எழுதினாலும் ரிவர்ட் என்றால் பதில் போடுவதுதான் என்றார். முதலாளியின் மகன் நித்தீஷ் விடுவதாக இல்லை. செல்போனில் டிக்ஷனரியைத் திறந்து, பழைய நிலைக்குத் திரும்புவது என்று வாசித்துக் காட்டினான்.

"இன்னுங் கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க தம்பி. இந்தியாவுல பதிலுன்னு போட்டிருக்கும்" என்றார் கிட்டுசாமி.

நம்ம ஊர் இங்கிலீஷ் லண்டனில் செல்லாது என்று நித்தீஷ் பாடம் எடுத்தான். மெயிலைத் திறக்காமலே அதன் நாலு வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான்.

"மெயிலுக்குக் கீழ யாரு பேரு?" என்றார் முதலாளி.

"எம் பேருதானுங்க."

"அன்னிக்கு நீ லீவுமில்லை. காலையில மிஷின்ல கைரேகை வெச்சிருக்கறே."

"வெச்சனுங்க."

"அப்பறமென்ன? எழுது. போன பதினாலாந் தேதி, மத்தியானம் ரெண்டரை மணிக்கு, எஞ்சீட்டுல உக்காந்து கவனமில்லாம அனுப்பிட்டேன்னு."

தேதியை எழுதினாள். நேரத்தை எழுதப் போனபோது கை நின்றது. மெயில் எப்போது போனது என்பதை அவள் இப்போதுதான் கேட்கிறாள். பத்து நாளில் முதல் தடவையாகக் கண் நிறைந்தது.

"அன்னிக்கு பத்து மணிக்கே போன் வந்து ஊட்டுக்கு ஓடிட்டனுங்க" என்றாள்.

அவள் முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டரைக்கு நீங்களும் எங்கூட்டுலதானுங்களே இருந்தீங்க, எங்கப்பனுக்கு மாலை போட வந்து."