எர்த் கொக்கி

"ஃபெயில்! நாளைக்கு வா" என்றாள் மாமியார்.

கேபிள் ஃபேக்டரியின் டெஸ்ட் ரூமில் அவள்தான் சூப்பர்வைசர். பரீட்சை வைப்பதும் அவள்தான். மருமகள் மறுபடி மறுபடி கோட்டை விட்டுக்கொண்டிருந்தாள். இனியும் பாஸாகாவிட்டால் டெஸ்ட் வேலை கிடையாது, பேக்கிங்தான்.

வெளியே நின்றவர்களுக்குக் கேட்கவா வேண்டும்?

"வீட்டுச் சண்டையை இங்கே வெச்சுத் தீர்த்துக்கறா மகராசி!"

மருமகள் கையுறையைக் கழற்றவே இல்லை. "நாளைக்கு எதுக்கு அத்தை? இப்பவே இன்னொரு தடவை செய்யறேன்."

"பிடிவாதக்காரி! சரி, செய்."

கேபிள் என்பது குழாய்க்குள் குழாய் மாதிரி. நடுவில் செம்பு, வெளியே உலோக உறை, இடையில் ரப்பர். கரண்ட்டை நிறுத்தினாலும், வாங்கியதை லேசில் கக்காது. சரியான கஞ்சப் பிசினாறி!

மருமகள் சுவிட்சை அணைத்தாள். மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் கொக்கியைச் செம்பில் மாட்டினாள். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது.

இத்தனை நாளும் இங்கேதான் சறுக்கினாள். போதும் என்று கொக்கியை எடுப்பாள். ரப்பருக்குள் பதுங்கியிருந்த மின்சாரம் செம்புக்குத் திரும்பும், முள் மெல்ல ஏறும். அப்போது தொட்டால் ஆள் காலி.

இன்று அவள் எடுக்கவில்லை. கால் கடுத்தது, முதுகு வலித்தது. கல்லாட்டம் நின்றாள். வெகு நேரம் கழித்து எடுத்தாள். முள் அசையவே இல்லை.

"பாஸ்" என்றாள் மாமியார். அவள் முகத்தில்தான் எத்தனை நிம்மதி!

கதவருகே நின்ற சுருட்டைமுடிக்காரி பொருமினாள். "அநியாயம்டி! நாங்கள்லாம் முள் இறங்கினதுமே கொக்கியை எடுத்தோம். முதல் தடவையே பாஸ் போட்டாங்க. உன்னை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்தறாங்க?"

மருமகள் கதவைச் சாத்தினாள். "நிஜமா அத்தை?"

மாமியார் கிட்டே வந்தாள். "நீ என் வீட்டுப் பொண்ணுடி. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசிரோட இருப்பேனா? மத்தவங்களையும் இப்படி ஃபெயில் போட்டு நிறுத்தி வெச்சா, ஆள் பத்தலைன்னு மேனேஜர்கிட்ட யார் திட்டு வாங்கறது?"

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சுருட்டைமுடிக்காரியை உள்ளே இழுத்து வந்து மாமியார் முன்னால் நிறுத்தினாள்.

"இவ யார் வீட்டுப் பொண்ணு அத்தை?"