இரட்டைத் தள்ளுவண்டி

"ரெண்டு குழந்தை உட்கார்ற தள்ளுவண்டி காட்டுங்க" என்றாள் அவள், கடைக்காரரிடம்.

மகளைத் தோளில் சாய்த்திருந்த கணவன் சிரித்தான். "நமக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு. எதுக்குடி ரெண்டு சீட்டு? ஒண்ணுல இவ, இன்னொண்ணுல காய்கறியா?"

அவள் ஒரு வண்டியைக் கடைக்குள்ளேயே தள்ளிப் பார்த்தாள். பிரேக்கை மிதித்துப் பார்த்தாள்.

விற்பனைப் பெண் வந்தாள். "ரெட்டைப் பிள்ளைங்களா மேடம்? அப்ப பக்கத்துப் பக்கத்துல சீட்டு இருக்கிறதை எடுங்க. மூத்தது, இளையதுன்னா முன்னும் பின்னுமா இருக்கிறதுதான் வசதி. என்ன வயசாகுது?"

"பொண்ணுக்கு ஏழு மாசம். பையனுக்கு அஞ்சு மாசம்."

விற்பனைப் பெண்ணுக்குக் கணக்கு உதைத்தது. "ரெண்டு மாச வித்தியாசத்துல எப்படி மேடம்...?"

கணவனின் சிரிப்பு பாதியில் நின்றது. "எந்தப் பையன்?"

"இன்னைக்குக் காலையில நீங்க ஆபீஸ் கிளம்பினதும் ஒரு பொண்ணு வந்தா. இனிமே தன்னால முடியாதுன்னு அழுதா. குழந்தையை என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. அப்பா யாருன்னு நான் கேட்கவே இல்லை. உங்களையே உரிச்சு வச்சிருக்கான். இப்ப பக்கத்து வீட்டு அக்கா மடியில தூங்குறான்."

பேயறைந்தவன் போல நின்றான் அவன். தோளில் மகள் சிணுங்கியதுகூட அவன் காதில் விழவில்லை.

அவள் விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள்.

"பக்கத்துப் பக்கத்துல சீட்டு இருக்கிறதே குடுங்கம்மா. பின்னால உட்கார அவன் என்ன தப்பு பண்ணான்?"