வேறொரு அழைப்பில்

"டி.சி. குடுத்துடுங்க, ஹெச்.எம். மேடம். என் பொண்ணை ஹாஸ்டல்ல சேர்க்கறதா முடிவு பண்ணிட்டேன்."

லாரி டிரைவர் நின்றபடியே சொன்னார். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். கண்ணை மூடினால் இன்னும் ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். "உட்காருங்க. வீட்ல என்ன சொல்றாங்க?"

"கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்றா. எத்தனை மாசம் பொறுக்கறது? பொண்ணு கேட் வரைக்கும் வர்றா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கறா, வாந்தி எடுக்கறா. உள்ள ஒரு அடி வைக்க மாட்டேங்கறா. நீங்களாவது ஒரு வழி சொல்லுவீங்கன்னு பார்த்தா, போன் பண்ணும்போதெல்லாம் வேற கால்ல இருக்கீங்க."

"காலைல அந்த போன் கொஞ்சம் பிஸிதாங்க."

"அப்படி யார்கிட்ட மேடம் அவ்வளவு பேச்சு?"

கேட்ட பிறகுதான் நாக்கு நீண்டுவிட்டதோ என்று தோன்றியது. ஆனால் அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை.

மேஜை மேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் விதவிதமாக போன்கள். 'ஆசிரியர்கள் போனை இங்கே வைத்துவிட்டு வகுப்புக்குச் செல்லவும்' என்று எழுதி, கீழே அம்மாளின் கையெழுத்தோடு ஒட்டியிருந்தது. சட்டமெல்லாம் மற்றவர்களுக்குத்தான் போலிருக்கிறது என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

"விண்ணப்பத்துல கிளாஸ் டீச்சர் கையெழுத்து வேணும். மாடில கடைசி ரூம். பாடம் முடியற வரைக்கும் வெளியவே நில்லுங்க. சத்தம் மட்டும் போட்டுடாதீங்க."

மாடி வராந்தாவில் வெயில் சாய்வாக விழுந்து கிடந்தது. ஒரு வகுப்பிலிருந்து வாய்ப்பாடும் இன்னொன்றிலிருந்து பாட்டும் கலந்து வந்து, தூக்கத்தில் யாரோ பேசுவது போலக் காதில் விழுந்தன. நடக்கிறோமா, மிதக்கிறோமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. போன வருஷம் வரை இதே வராந்தாவில் சிட்டு ஓடியிருப்பாள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

ஹாஸ்டலில் விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று கூட வண்டி ஓட்டுகிறவர் சொல்லியிருந்தார். சரியாகுமா? அங்கே ராத்திரி பயந்தால் யார் கையைப் பிடித்துக்கொள்வாள்? இந்த யோசனை வரும்போதெல்லாம் அவர் வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். இப்போதும் அப்படித்தான்.

கடைசி ரூம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

டீச்சர் மேஜை மேல், சாக்பீஸ் டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு போன். அதன் பக்கம் குனிந்து டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? ம்... அப்படியா? சரி சரி."

டிரைவருக்கு வந்த தூக்கமெல்லாம் பறந்துவிட்டது. கீழே பெட்டி, மேலே அரட்டை. இந்த லட்சணத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிள்ளைதான் ஆசையாக வரும்? நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாசலுக்குப் போனார்.

டீச்சர் நிமிர்ந்து, வாயில் விரல் வைத்தார். அது அவருக்கில்லை, பிள்ளைகளுக்கு.

"யாரும் பேசக் கூடாது. மழை எப்படி வருதுன்னு சிட்டு சொல்லப் போறா."

டிரைவரின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

போனிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"கடல் தண்ணி... வெயில்ல சூடாகி... ஆவியா மேல போகும். அங்க குளிர்ந்து... மேகமாயிடும்."

அப்புறம் சத்தமே இல்லை. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சு வால்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"அப்புறம்... கனம் தாங்காம இறங்கிடும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பலமாகத் தட்டினால் சிட்டு பயந்து போனை வைத்துவிடுவாள் என்று, ஆளுக்கு ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டினார்கள். வகுப்பு முழுக்க அப்படித் தட்டியபோது, ரூமுக்குள்ளேயே தூறல் விழுவது போலிருந்தது.

"டீச்சர், நான் முழுசா சொல்லிட்டேனா?"

"முழுசா சொல்லிட்டே, கண்ணு."

"அப்போ அப்பாகிட்ட சொல்லலாம். முழுசா சொல்ற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். இன்னிக்கு அப்பா வர்றாரு."

டிரைவர் வராந்தா சுவரில் சாய்ந்துகொண்டார். அழுகை வந்தது. அடக்கத் தோன்றவில்லை, அழுதார். பிறகு விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

கீழே போய்த் தலைமையாசிரியையின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. போனிலேயே ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடலாம் என்று, நின்ற இடத்திலிருந்தே நம்பரைப் போட்டார்.

'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்...'

இப்பவுமா என்று அலுத்துக்கொண்டார்.

வகுப்புக்குள், மேஜை மேலிருந்த போன் பீப், பீப் என்றது.

"டீச்சர், அது என்ன சத்தம்?" சிட்டுவின் குரல் நடுங்கியது.

"நீ பயப்படாதே கண்ணு, அது நமக்கில்ல. இது ஹெச்.எம். அம்மாவோட போனாச்சே, அவங்களை யாரோ கூப்பிடறாங்க. லைன் கிடைக்கலைன்னா, பாவம், அவங்களைத்தான் திட்டுவாங்க."