ஒரு நாள் நோயாளி

"குடிகாரனா நடிக்க இந்த ஊர்ல நான்தான் கெடச்சேனா?"

தையல்காரர் கேட்டது அவர் மனைவியிடம். தைத்து முடித்த தலையணை உறையை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். பதில் சொன்னது அவள் தங்கை. ஊர்ச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். வேலை நேரத்தில், சீருடையோடு, அக்கா புருஷனின் கடைக்கு ஓடி வந்திருந்தாள்.

"நிஜக் குடிகாரங்க நெறையப் பேர் இருக்காங்க மாமா. கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. அதானே இப்ப சிக்கலே."

குடியை விட வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்பெல்லாம் நகரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பஸ் மாறி மாறிப் போகிற வழியெல்லாம் சாராயக் கடை. கிளம்பின மகராசன்கள் போய்ச் சேர்ந்ததாகச் செய்தியே இல்லை. அதனால்தான் இப்போது டாக்டரே வாரம் ஒரு முறை இங்கே வந்து, சுகாதார நிலையத்தின் பின்னறையில் உட்காருகிறார். உட்கார்ந்து, சுவரைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகிறார். அந்த வாசலில் கால் வைத்தால் எதிரே இருக்கிற சந்தை மொத்தமும் பார்க்குமே என்று யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"இன்னிக்கு மேலிடத்துலேர்ந்து அதிகாரி வர்றாரு மாமா. ஒரு நோயாளிகூட இல்லன்னா அறையைப் பூட்டிடுவாங்க. நீங்க சும்மா வந்து உட்காருங்க. அவர் கேக்கறதுக்கெல்லாம் குடிக்கிறவன் மாதிரி பதில் சொல்லுங்க. போதும்."

"எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதே. அலுப்புக்கு ஏதோ கொஞ்சம்..."

"தெரியும் மாமா. அதனாலதானே நடிக்கச் சொல்றேன்."

மனைவி இருமினாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா, அவளுக்கே வெளிச்சம். போன மாதம் அவர் தைத்த சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. வாங்கியவர் வந்து சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒன்றும் பேசாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். கடை போனால் போகட்டும் என்றாவது இருக்கலாம். கண்ணெதிரே மனுஷன் கரைந்துகொண்டிருக்கிறாரே, அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"ஏங்க, தங்கச்சிக்காகப் போயிட்டு வந்துடலாமே. அவ வேலைக்கு ஏதாவது ஆயிடப் போவுது."

"மச்சினிச்சி கேட்டு மாட்டேன்னா சொல்லப்போறேன்? சரி, நடங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பின்னறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டி, குழந்தைகளை எடை போடுகிற தராசு. எதிரே கோட்டும் கண்ணாடியுமாக அதிகாரி உட்கார்ந்திருந்தார். தையல்காரர் அவரைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை நிதானமாக ஒரு முறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆரம்பிங்க மாமா" என்று காதருகே கிசுகிசுத்தாள் நர்ஸ்.

"காலையில எழுந்ததும் முதல் வேலை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"போர்வைக்குள்ளேயே கையைத் தூக்கிப் பாப்பேன்."

"எதுக்கு?"

"நடுங்குதான்னு பாக்கத்தான். நடுங்காத நாள் ஏது? கொஞ்சம் உள்ள போனாத்தான் அடங்கும். அதுவரைக்கும் ஊசியில நூல் கோக்க முடியாது. நான் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே இவ எல்லா ஊசியிலயும் கோத்து வெச்சிடுவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

மனைவி குளிர்பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"விட்டுடணும்னு நெனச்சதுண்டா?"

"தெனமும் விட்டுடுவேன் சார். பொழுது சாயறதுக்குள்ள அது வந்து என்னைப் பிடிச்சுக்கும்."

நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். அளவைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அதிகாரி தலையாட்டினார்.

"இந்த மாதிரி ஆளுக்கு இங்க என்ன சொல்லி அனுப்புவீங்க?" என்று அவளைக் கேட்டார்.

பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அவள் சொன்னாள். "ஒரேயடியா நிறுத்தக் கூடாது சார், வலிப்பு வந்துடும். மாத்திரையோட, படிப்படியா. கூட இருக்கறவங்க கவனமா பாத்துக்கணும். வாராவாரம் இங்க வந்து காட்டணும்."

"சரி. மாத்திரையைக் கொடுங்க. நான் பாக்கணும்."

"இதையும் முழுங்கணுமா?" என்றார் தையல்காரர்.

"அதிகாரி பாத்துக்கிட்டு இருக்காரே மாமா."

முழுங்கினார். மீதி மாத்திரைகளை மனைவி நீட்டிய கையில் வைக்காமல் தன் சட்டைப்பையிலேயே பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தால் எதிரே சந்தை. முறைத்துப் பார்த்தவர்களை அவரும் முறைத்துப் பார்த்தார். நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"கலக்கிட்டீங்க மாமா. அறை தப்பிச்சுது. ஆனா அடுத்த வாரமும் அதிகாரி வருவாராம். எனக்காக இன்னும் ஒரே ஒரு தடவை..."

அக்காவும் தங்கையும் மூச்சு விடாமல் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"வரேன்" என்றார் தையல்காரர். "ஆனா அந்த டாக்டரை அவரோட சொந்தச் சட்டையிலேயே வந்து உட்காரச் சொல்லு. உன் கல்யாணத்துக்கு நான் தைச்சுக் கொடுத்த கோட்டு, சகலைக்குப் பொருந்தின மாதிரி அவருக்குப் பொருந்தல."