முதல் பந்தி

தாவரவியல் துறைத் தலைவர் தீனதயாளன் கணினித் திரையைத் தம் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். எட்டிப் பார்க்க முயன்ற சண்முகப்பிரியாவுக்கு அவருடைய வழுக்கைத் தலை மட்டுமே தென்பட்டது.

"பேருகள எந்த வரிசையில போட்டிருக்கீங்க சார்?"

"அச்சுல வந்த பொறவு பாத்துக்கலாமுங்க அம்மிணி. அனுப்பற வேலைய எங்கிட்ட உடுங்க. ஒரே பேப்பர் ரெண்டு ஜர்னலுக்குப் போயிருச்சுன்னா, ரெண்டு பக்கமும் கதவச் சாத்திருவாங்க. ஆமா, உங்கப்பா பேரு என்னங்க? இனிஷியல் வேணும்."

"கருப்பண்ணனுங்க சார்."

அவர் தட்டச்சு செய்தவாறே தமக்குள் சிரித்துக்கொண்டார். அச்சிரிப்பை அவளால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரைக் கேன் கேனாக ஸ்கூட்டரில் சுமந்து வந்து, அந்நீரிலேயே சோளம் விளைவித்து ஆராய்ந்தவள் அவள். அந்தப் புளித்த வாடை அவளது துப்பட்டாவை விட்டு நீங்கியதே இல்லை. தற்காலிக விரிவுரையாளர் பணி நிரந்தரமாக வேண்டுமாயின், தன் பெயர் முதலில் நிற்கும் கட்டுரை ஒன்றையேனும் நேர்காணலில் அவள் காட்டியாக வேண்டும். ஆனால் எவர் உழைத்தாலும் தலைவரின் பெயரே முதலில் நிற்பது அத்துறையின் வழக்கம்.

வராந்தாவில் எதிர்ப்பட்ட சக விரிவுரையாளர் கலையரசன் அவள் முகத்தைக் கண்டதுமே சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, பெரியவரு உக்காராத முதல் பந்திய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நமக்கெல்லாம் ரெண்டாம் பந்திதான். இலை மிச்சமிருந்தாச் சரி!"

அன்று மாலையே அஸ்தம்பட்டியில் உள்ள தன் அறைக்கு வந்து கணினியைத் திறந்தாள். எதையும் நாலு நாள் ஆறப்போடுவது தலைவரின் இயல்பு. அதற்குள் முந்திக்கொள்ளலாம் என்று கணக்கிட்டாள். அவர் பெயரை நீக்கி, தன் பெயரை மட்டும் இட்டு, வேறோர் ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பிவைத்தாள்.

நேர்காணல் நெருங்கிய வேளையில் தலைவர் அவளை அழைத்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"நீங்களும் அனுப்பியிருக்கீங்க, நானும் அனுப்பியிருக்கறேன். ரெண்டு ஜர்னலும் மதிப்பீட்டுக்கு ஒரே பேராசிரியர்கிட்டக் குடுத்திருக்குதுங்க. ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டாங்க. இனி ரெண்டு வருசத்துக்கு நம்ம பேருல எதையும் வாங்கமாட்டாங்களாம். எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

நேர்காணல் கைநழுவிப் போனது அவளுக்கு உறைத்தது. கண்கள் கலங்கியபோதும் அவள் தலை குனியவில்லை.

"தண்ணி சுமந்தது நானுங்க சார். நீங்க முதல் பந்தியில உக்காந்து எந்திரிக்கற வரைக்கும் நான் கை கட்டிட்டு நிக்கோணுமா? உங்க பேரு முதல்ல வர்ற பேப்பர் போனாப் போகட்டும்!"

தலைவர் கணினித் திரையை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"முதல்ல போட்டிருக்கறது உங்க பேருதானுங்க அம்மிணி."