கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பொத்தானை அழுத்தினாள். திரை இறங்கியது.

மெல்ல, ஒரு முனகலோடு, மேலிருந்து கீழே. முதலில் ஜன்னல் மறைந்தது. பிறகு கட்டில். கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மறைந்தான். கடைசியாக அவன் கால்கள்.

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

குளியலறைக்குச் சுவர் வைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் உள்ளே வந்ததும் நினைத்தாள். இவ்வளவு காசைக் கொட்டி ஹோட்டல் கட்டியவர்களுக்கு ஒரு சுவருக்கா பஞ்சம்? கட்டிலுக்கும் ஷவருக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. பெட்டியைத் தூக்கி வந்த ஆள் அதைப் பெருமையாகத் தட்டிக் காட்டினான். திரையை இறக்க உள்ளே ஒரு பொத்தான், கட்டில் பக்கம் ஒரு பொத்தான். இந்தியில் என்னவோ சொல்லிச் சிரித்தான். புதுப் புருஷன் பெண்டாட்டி என்று கண்டுகொண்ட சிரிப்பு.

மும்பையில் இரண்டு நாள். அவள் புருஷன் வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளியின் கல்யாணப் பரிசு. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

“நீங்க கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்” என்று சொல்லிப் பார்த்தாள்.

“டீ ரூமுக்கே வரும் புள்ள. நீ போயிக் குளிச்சுட்டு வா.”

ரவிக்கைக்குள், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

தொட்டால் ஒட்டாது, வெறும் நிறம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் போன வருஷம் வந்த ஈரோட்டு வரனிடம் அப்பா உள்ளதைச் சொன்னார். அவர்கள் பஜ்ஜியைத் தொட்டும் பார்க்காமல் எழுந்து போனார்கள். அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. கல்யாண ரவிக்கைகளுக்கு முதுகை ஏற்றித் தைக்கச் சொன்னாள்.

“கண்ணாலம் முடியட்டும் கண்ணு. பொறவு பதனமாச் சொல்லிக்கலாம்.”

கல்யாணம் முடிந்துவிட்டது. பதனமான நேரம்தான் வந்தபாடில்லை. ஒவ்வொரு ராத்திரியும் விளக்கை அணைக்கச் சொன்னாள். வெட்கம் என்று நினைத்து அவன் சிரித்துக்கொண்டான்.

இந்த அறையில் அணைப்பதற்குச் சுவிட்சுகூடக் கண்ணில் படவில்லை. காலை வைத்தால் விளக்கு தானாக எரிகிறது.

பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டாள். கல்மேடையில் சோப்பு ஒன்று, காகிதத்தில் சுற்றி, தங்க நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. எதையும் தொடவே பயமாக இருந்தது.

நிலைக்கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது. எங்கே போகும்?

இன்றைக்குத் திரை இருக்கிறது. ஊருக்குப் போன பிறகு? எத்தனை வருஷம் விளக்கை அணைத்துக்கொண்டே இருப்பது? என்றாவது ஒருநாள் தெரியத்தான் போகிறது. மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். அவனும் சொல்வான்.

பயந்து பயந்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

பொத்தானை அழுத்தினாள்.

திரை ஏறியது.

அவன் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஷவரைத் திறந்தாள். சாயங்கால வெயில் ஜன்னலையும் கட்டிலையும் கண்ணாடியையும் தாண்டி வந்து எதிர்ச்சுவரில் விழுந்தது. நடுவில் அவள் நிழல்.

பார்க்கட்டும்.

பார்க்காமல் இருக்கட்டும்.

இரண்டையும் ஒரே சாமியிடம் வேண்டினாள்.

மோட்டார் முனகியது. அவள் பொத்தானைத் தொடவில்லை.

சுவரிலிருந்த வெயில் மேலிருந்து சுருங்கத் தொடங்கியது. நிழலின் தலை போயிற்று. கழுத்து போயிற்று. தெரியாமல் திரையைத் திறந்து வைத்துவிட்டாள் என்று நினைத்து அவன்தான் அந்தப் பக்கமிருந்து இறக்குகிறான்.

தோளருகே வந்ததும் நின்றது.

பார்த்துவிட்டான்.

நாளைக்கே ரயில் ஏற்றிவிடுவான். வாசலில் அப்பா நிற்பார், ஒன்றும் கேட்க மாட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தண்ணீர் சுடச்சுடத்தான் விழுந்தது. அவளுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன.

மோட்டார் மறுபடி முனகியது.

வெயில் ஏறியது. தோள், கழுத்து, தலை.

அவள் நிழலுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு நிழல். கண்ணாடியை ஒட்டி வந்து அசையாமல் நின்றது. பிறகு காணவில்லை.

கதவைத் தட்டும் சத்தம்.

“புள்ள... முதுகுல சோப்பு அப்பிடியே அப்பிக் கெடக்குது பாரு. தேச்சு உடட்டுமா?”

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கூச்சம். இவ்வளவு பிரியமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

வேண்டாங்க, நானே கழுவிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விடலாம். இன்றைக்குத் தப்பித்துவிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மேடையில் சோப்பு முடிச்சு அவிழாமல் இருந்தது.

தண்ணீரை நிறுத்தினாள்.

ஈரக் கையால் அதை எடுத்துக்கொண்டாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.