பக்கத்து வீட்டு நீலம்

சாக நினைக்கும் பிள்ளையின் கனவு பட்டால், பள்ளியில் கொடுத்த வெள்ளைத் தலையணை விடிவதற்குள் நீலமாகிவிடும். அன்று காலை மகள் இலக்கியாவின் கட்டிலில் கடலே வந்து படுத்திருப்பதுபோல் ஒரு நீலம். கோமதி மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

“அம்மா, இது பக்கத்து வீட்டுத் தன்யாவோடதும்மா. இப்பத்தான் பால்கனி வழியா மாத்திக்கிட்டோம். அவங்க வீட்ல பார்த்தா கொன்னுடுவாங்களாம். நீ திட்டமாட்டியேன்னு நான்தான் வாங்கிக்கிட்டேன்.”

இன்னும் வெதுவெதுப்பாக இருந்த தலையணையை மார்போடு சேர்த்தபடி கோமதி பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்த தன்யாவின் அம்மா நீலத்தைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

“ஐயோ பாவம்! உங்க பொண்ணுக்கா?”

அவள் முதுகுக்குப் பின்னால், வெள்ளைத் தலையணையைக் கட்டிக்கொண்டு தன்யா நின்றிருந்தாள்.